சாதாரண நோயின் போர்வையில் இரத்தப் புற்றுநோய்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் பணியாற்றும் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய பாடம்

மூணாற்றுத் தேயிலை மலைகளில் இடுப்பு வலி என்று சொல்லி வருபவரை எவரும் வியப்போடு நோக்குவதில்லை. நாள் முழுவதும் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்து, அதனை எடை போடும் இடம்வரை சுமந்து செல்பவருக்கு இடுப்பு வலிப்பது இயல்பே. அட்டப்பாடிக் குடியிருப்புகளில் குழந்தை வெளிறிக் காணப்பட்டாலும் அதனைப் புதுமையாக எவரும் கருதுவதில்லை. சோகை அங்குப் பழகிப்போன துன்பம். சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் மழைக்காலத்தில் காய்ச்சல் வருவதும் அவ்வாறே.

இத்தகைய பழகிப்போன முறையீடுகளுக்குள் அரிதாக இரத்தப் புற்றுநோய் மறைந்திருப்பதுண்டு. அரிதாகையால் அதனை நினைப்பவர் இல்லை. நினையாமையால் காலம் கழிகிறது. காலம் கழிவதால் குணமாகக்கூடிய நோயும் கைமீறிப் போகிறது. இரத்தப் புற்றுநோய்க்கென்று தனித்த அடையாளம் ஒன்றும் கிடையாது. அதனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அறிகுறி அன்று. அந்த அறிகுறி தீரவேண்டிய காலத்தில் தீராமல் நிற்பதே ஆகும். இந்த ஓர் உண்மையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு பழைய நிகழ்ச்சி

1844ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து மளிகை வணிகர் ஒருவர் விடுமுறைக்குச் சென்ற இடத்தில், நிலத்தடிக் குகை ஒன்றிலிருந்து தாவி வெளியேறினார். அப்போது மார்புக்குள் ஏதோ முறிந்தாற்போல் உணர்ந்தார். வலி வந்தது; சற்றுத் தணிந்தது; மீண்டும் வந்தது. மார்பில் மருந்துப் பட்டை ஒட்டினார்கள், இரத்தம் வடித்தார்கள், இரும்புச் சத்தும் குயினைனும் கொடுத்தார்கள். ஓராண்டிற்குமேல் இவ்வாறு கழிந்தது. 1845ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய சிறுநீரில் வழக்கத்திற்கு மாறான பொருள் ஒன்று இருப்பதைக் கண்ட மருத்துவர்கள், அதனை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் மருத்துவ இரசாயன அறிஞருக்கு அனுப்பினார்கள். அவர் அதனை ஒருவகைப் புரதம் என்று கண்டார். 1846ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நோயாளி இறந்தார். பிணப் பரிசோதனையில் விலா எலும்புகள் மென்மையாகி, எளிதில் ஒடியும் நிலையில் இருந்தன.

இன்று ‘மல்ட்டிபிள் மைலோமா’ என வழங்கும் இரத்தப் புற்றுநோயே அது. அந்தப் புரதம் இன்றும் பென்ஸ் ஜோன்ஸின் பெயராலேயே அறியப்படுகிறது. நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்நோய் பெரும்பாலும் அதே வழியில்தான் வந்து சேர்கிறது. முதலில் எலும்பு வலி, பிறகு வலிக்கு மருந்து, அதன்பின் நெடிய காலக் கழிவு.

இரத்தம் உண்டாகும் இடம்

இரத்த அணுக்கள் எலும்புகளின் உள்ளே உள்ள மஜ்ஜையில் பிறக்கின்றன. சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமக்கின்றன. அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். வெள்ளணுக்கள் தொற்றுகளை எதிர்க்கின்றன. தட்டணுக்கள் இரத்தத்தை உறையச் செய்து ஒழுக்கை நிறுத்துகின்றன. அவை 7 முதல் 10 நாட்களே வாழ்கின்றன. ஆதலின் மஜ்ஜை ஓயாது உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வயலில் களை மண்டினால் பயிருக்கு இடமில்லாது போவதுபோல, மஜ்ஜையில் ஒருவகை அணு மட்டும் முதிர்ச்சியடையாமல் வரம்பின்றிப் பெருகினால் ஏனைய அணுக்களுக்கு இடமில்லாது போகிறது. சிவப்பணு குறைவதால் வெளிறலும் களைப்பும், நல்ல வெள்ளணு குறைவதால் ஓயாத காய்ச்சலும், தட்டணு குறைவதால் இரத்தக் கசிவும் தோன்றுகின்றன. மஜ்ஜை நெருக்குண்பதால் எலும்பு வலிக்கிறது. இதுவே லுகேமியா. நிணநீர்க் கணுக்களில் தோன்றுவது லிம்போமா. மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா அணுக்களில் தோன்றுவது மைலோமா. ஒவ்வொன்றும் வேறு வேறு போர்வையை அணிந்து வருகிறது.

நோய் அணியும் போர்வைகள்

முதலாவது, குழந்தையின் கால்வலி. குழந்தைகளுக்கு வரும் கடும் லுகேமியா 2 முதல் 5 வயதிற்குள் மிகுதியாகத் தோன்றுகிறது. அக்குழந்தைகளுள் கணிசமானவர்களுக்குக் கை கால் வலியோ மூட்டு வீக்கமோதான் முதலில் வருகிறது. ‘வளர்கிற வலி’ என்றோ, விளையாட்டில் பட்ட அடி என்றோ, மூட்டுவாதக் காய்ச்சல் என்றோ அதனைக் கருதிவிடுவது எளிது. வளர்ச்சி வலி மாலையிலோ இரவிலோ வந்து காலையில் மறையும். குழந்தை பகலில் ஓடியாடும். லுகேமியா வலி குழந்தையை நடக்க மறுக்கச் செய்யும், தூக்கத்திலிருந்து எழுப்பும், நாளுக்கு நாள் மிகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மூட்டு வீக்கத்திற்கு எனப் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகளை இரத்தப் பரிசோதனைக்கு முன் கொடுத்தல் ஆகாது. அம்மருந்துகள் லுகேமியா அணுக்களைச் சிறிது காலம் ஒடுக்கிவிடும். வலி நீங்கும்; குழந்தை விளையாடும்; பெற்றோர் மகிழ்வார்கள். ஆயினும் நோய் போகவில்லை; மறைந்துகொண்டது. அந்நிலையில் மஜ்ஜையைச் சோதித்தால் விடை தெளிவாகக் கிடைக்காது. பின்னர் நோய் திரும்பும்போது சிகிச்சையும் கடினமாகிறது.

இரண்டாவது, முதியோரின் முதுகுவலி. மைலோமா பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்க்கு வருகிறது. முதுகெலும்பும் விலாவும் அரிக்கப்படுகின்றன. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் கலப்பதால் தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் உண்டாகும். மிகுதியாகச் சுரக்கும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதுகுவலியோடு வருபவருக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி ஊசியும் மாத்திரையும் மாதக்கணக்கில் கொடுக்கப்படும்போது, ஏற்கெனவே நலிந்த சிறுநீரகம் முற்றும் பழுதடைகிறது. நோயைக் காணாமை ஒரு தீங்கு. காணாத நோய்க்குக் கொடுத்த மருந்து மற்றொரு தீங்கு. 50 வயதைக் கடந்தவருக்கு முதுகுவலியும் சோகையும் சேர்ந்து காணப்பட்டால், அதனை வேலைச்சுமையின் விளைவு என்று முடிவு செய்துவிடலாகாது.

மூன்றாவது, கழுத்துக் கட்டியும் மாலைக் காய்ச்சலும். நம் நாட்டில் இவற்றைக் கண்டவுடன் காசநோய் நினைவுக்கு வருவது முறையே. லிம்போமாவிலும் இதே காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவை உண்டு. சிலருக்குத் தோலில் புண்ணின்றியே தீராத அரிப்பும் உண்டு. கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதிக்காமல் காசநோய் மருந்து தொடங்கப்பட்டால், ஆறு மாதம் வீணாகக் கழியலாம். மருந்து உண்டும் கட்டி வளர்கிறதாயின், மருந்தை நீட்டிப்பது விடையன்று. கட்டியைச் சோதிப்பதே விடை. முதலில் கட்டி சுருங்கிப் பின் வளர்ந்தாலும் இவ்விதி பொருந்தும்.

நான்காவது, மழைக்காலத்துத் தட்டணுக் குறைவு. காய்ச்சலோடு தட்டணு குறைந்தால் டெங்கு என்று கொள்வது வழக்கமாகிவிட்டது. டெங்குவில் தட்டணு குறைந்து, காய்ச்சல் தணிந்த சில நாட்களில் தானே ஏறத் தொடங்கும். பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் நிலை சீராகும். ஏறவில்லையாயின், அல்லது அதனோடு ஹீமோகுளோபினும் குறைந்து வருமாயின், வேறு காரணம் தேட வேண்டும். கடும் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்னும் வகையில் ஈறு ஒழுகல், தோலில் கருநீலத் திட்டுகள், மிகுந்த மாதவிடாய்ப் போக்கு ஆகியவை திடீரெனத் தோன்றும். மூளையில் இரத்தம் கசிந்து சில நாட்களிலேயே உயிர் போகலாம். இவ்வகையில் ஒரு நாள் தாமதமும் பெரிதே. உரிய காலத்தில் அடைந்தால், இரத்தப் புற்றுநோய்களுள் மிக நன்றாகக் குணமாவதும் இதுவேயாகும்.

ஐந்தாவது, இடப்பக்க வயிற்றுப் பாரம். நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில் மண்ணீரல் பெருத்து, இடது விலாவின் கீழ்க் கனமாக உணரப்படும். சிறிது உண்டவுடனே வயிறு நிறைந்தது போலிருக்கும். இதனை வாயு என்றும் செரியாமை என்றும் கருதி ஆண்டுக்கணக்கில் மருந்து உண்பாரும் உளர். 1845ஆம் ஆண்டில் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னெட் என்னும் மருத்துவர் விவரித்த நோயாளி கூரை வேயும் தொழிலாளி, வயது 28. அவர் சொன்ன முறையீடுகள் இரண்டே: உழைத்தால் சோர்வு, இடப்பக்க வயிற்றில் கட்டி.

இவையன்றிச் சில அரிய போர்வைகளும் உள. பல் துலக்குதலில் குறையின்றியும் ஈறு வீங்கிப் பற்களை மூடுதல், குழந்தையின் ஒரு கண் முன்தள்ளுதல், முகத்தின் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை லுகேமியாவின் முதல் அறிகுறியாக வந்ததுண்டு. பல் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் செல்லும் இந்நோயாளிகளுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தல் நலம்.

எல்லைப் பகுதியில் தாமதம் நேரும் வழி

இவ்விரு மாவட்டங்களின் கிழக்கு ஓரம் தமிழ்நாட்டை ஒட்டியது. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்களிலும், சிற்றூர், அட்டப்பாடிப் பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். நோயுற்றவர் முதலில் தோட்டத்து மருந்தகத்திற்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்கிறார். குணமாகாவிடில் உறவினர் வாழும் தேனிக்கோ, உடுமலைக்கோ, கோயம்புத்தூருக்கோ செல்கிறார். அங்கிருந்து திரும்பிக் கோட்டயத்திற்கோ திருச்சூருக்கோ போகிறார். ஒரு சீட்டு மலையாளத்தில் இருக்கும். மற்றொன்று தமிழில் இருக்கும். மூன்றாவது வழியில் தொலைந்திருக்கும்.

இதன் விளைவு யாதெனில், ஒவ்வோர் இடத்திலும் நோயின் முதல் நாள் புதிதாகத் தொடங்குகிறது. ஐந்தாம் மருத்துவரும் ‘ஒரு வாரக் காய்ச்சல்’ என்றே எழுதுகிறார். எட்டு வாரக் காய்ச்சல் என்று அவர் அறிந்திருந்தால் வேறு வகையில் எண்ணியிருப்பார். இரத்தப் புற்றுநோயைக் காட்டிக்கொடுப்பது கால நீட்சியே என்றால், அக்காலக் கணக்கு தொலைந்துபோவதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. இடமலைக்குடியைப் போலக் காட்டு வழியே வெளிவர வேண்டிய முதுவர் குடிகளுக்கு இவ்விழப்பு இன்னும் கொடியது. ஒருமுறை வீணாக வந்து சென்றவர் மறுமுறை வரத் தயங்குவார்.

அட்டப்பாடியில் வேறொரு சிக்கலும் உண்டு. அங்கு வாழும் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரிடையே அரிவாளணுச் சோகை காணப்படுகிறது. அடுத்துள்ள நீலகிரியில் இந்த மரபுக் குறையை 1952ஆம் ஆண்டிலேயே லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் கண்டறிந்தனர். இந்நோயிலும் வெளிறலும் எலும்பு வலியும் காய்ச்சலும் உண்டு. ஆகவே லுகேமியா அதன் பின்னால் எளிதில் மறைந்துவிடும். 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தின் அட்டை ஒருவரிடம் இருப்பது, அவருடைய எல்லா வலிக்கும் விடை கிடைத்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. வழக்கமான வலி சில நாட்களில் தணியாமல் நீண்டாலும், தட்டணு குறைந்தாலும், நிணநீர்க் கணுக்கள் வீங்கினாலும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

மலையின் உயரத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாற்றில் வாழ்வோருக்குச் சமவெளி மக்களைவிட ஹீமோகுளோபின் சற்று மிகுந்திருப்பதே இயல்பு. ஆதலின் சமவெளிக் கணக்குப்படி ‘எல்லைக்குள் உள்ளது’ என்று தோன்றும் அளவும் அங்கே குறைவாக இருக்கலாம்.

செய்யத்தக்கவை

முதற் பரிசோதனை எளியது, செலவும் சிறியது. முழு இரத்த அணு எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தத்தை நுண்ணோக்கியில் நோக்குதலுமே அது. வளர்ந்தோருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரையிலும், தட்டணுக்கள் ஏறத்தாழ 1½ இலட்சம் முதல் 4½ இலட்சம் வரையிலும் இருத்தல் இயல்பு. கருவி தரும் எண்ணை மட்டும் நம்பலாகாது. முதிராத அணுக்களைப் பயிற்சி பெற்ற கண்ணே உறுதியாகக் காண வல்லது. முதற் பரிசோதனை சரியாக அமைந்தும் நோய்க்குறி நீடித்தால், இரு வாரங்களுக்குள் மறுபடியும் சோதிக்க வேண்டும். எலும்பு வலியோடு தொடங்கும் குழந்தை லுகேமியாவில் முதல் எண்ணிக்கை இயல்பாக இருப்பதும் உண்டு.

கீழ்க்காணும் நிலைகளில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புதல் களப்பணியாளரின் கடமையாகும்:

1. காரணம் தெரியாத காய்ச்சல் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தல்.
2. குழந்தை நடக்க மறுத்தல், அல்லது எலும்பு வலியால் இரவில் விழித்தல்.
3. இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காக உண்டும் சோகை ஒரு மாதத்தில் சிறிதும் தேறாமை, அல்லது மிகுதல்.
4. அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகளோ சிவந்த புள்ளிகளோ தோன்றுதல். ஈறு, மூக்கு ஆகியவற்றில் இரத்தம் நில்லாமை. இந்நிலையில் அன்றே அனுப்புக.
5. வலியற்ற கழுத்து, அக்குள், தொடையிடுக்குக் கட்டி இரண்டு மூன்று வாரங்களில் கரையாமை.
6. இடப்பக்க வயிற்றில் கட்டி அல்லது பாரம்.
7. 50 வயதைக் கடந்தவருக்கு முதுகுவலியுடன் சோகை. இவருக்கு ஈ.எஸ்.ஆர்., சிறுநீரகச் செயல், இரத்தப் புரதம் ஆகியவற்றையும் மருத்துவர் சோதிப்பது நன்று.

அனுப்பும் சீட்டில் முதல் அறிகுறி தோன்றிய தேதி, இதுவரை கண்ட மருத்துவமனைகள், உண்ட மருந்துகள், குறிப்பாக ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா என்பது, பழைய இரத்த எண்ணிக்கைகள் ஆகிய நான்கும் தவறாது இடம்பெற வேண்டும். தேதி சரியாக நினைவில்லையெனில் ‘ஓணத்திற்கு முன்’, ‘பொங்கலுக்குப் பின்’ என்று நோயாளி சொல்வதையே எழுதலாம். மருந்து எண்களையும் தேதிகளையும் எழுத ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். அது நோயாளியோடு மாநில எல்லையைக் கடந்து செல்லும்.

சிகிச்சையின் நிலை

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடனே குடும்பத்தார் கைவிட்டு வீடு திரும்புவது இன்னும் நிகழ்கிறது. ஆகையால் களப்பணியாளர் உண்மை நிலையை அறிந்திருத்தல் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தம் குழுவினருடன் உருவாக்கிய ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்தைக் கொண்டே, 1948ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தை லுகேமியாவில் முதன்முறையாகத் தற்காலிகத் தணிவைக் கண்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்க்கு முதன்மை மருந்துகளுள் ஒன்று. அன்று சில மாதத் தணிவே பெரிய வெற்றி. இன்று வசதி மிக்க நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகள் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கின்றனர். நம் நாட்டிலும் முழுச் சிகிச்சை பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் தேறுகின்றனர். சிகிச்சை இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவிற்கு 2001ஆம் ஆண்டில் வந்த இமாட்டினிப் என்னும் மாத்திரையை நாள்தோறும் உண்டு, பல்லாண்டு வேலை செய்து வாழ்வோர் ஏராளம். அம்மருந்தின் ஒரு வடிவத்திற்குக் கோரப்பட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006ஆம் ஆண்டில் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அம்மறுப்பை உறுதிசெய்தது. உள்நாட்டு நிறுவனங்கள் குறைந்த விலையில் அதனைத் தொடர்ந்து வழங்க இது வழிசெய்தது. புரோமைலோசைட்டிக் லுகேமியாவை ஆர்செனிக் மருந்தால் குணப்படுத்துவதில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பணி உலகறிந்தது.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், தலைச்சேரி மலபார் புற்றுநோய் மையம், 1954ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் ஆகியவையும், அரசு மருத்துவக் கல்லூரிகளும் இந்நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கின்றன. 2018ஆம் ஆண்டில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுடைய குடும்பத்திற்கு ஆண்டிற்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு ஏற்கப்படுகிறது. நோயாளியை அனுப்பும்போதே அட்டையையும் எடுத்துச் செல்லச் சொல்லுதல் வேண்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு

மருத்துவர் குழந்தையைச் சில நிமிடமே காண்கிறார். ஆசிரியர் ஆண்டு முழுவதும் காண்கிறார். மைதானத்தில் முன்னோடியாக நின்ற சிறுவன் சுவரோரம் அமர்கிறான், படியேறும்போது நிற்கிறான், நொண்டுகிறான், கையில் காரணமற்ற நீலத் திட்டு இருக்கிறது, வருகைப் பதிவில் காய்ச்சல் விடுப்பு அடிக்கடி வருகிறது. இவற்றைச் சோம்பல் என்று கண்டிப்பதற்கு முன் ஒருமுறை பெற்றோரிடம் சொல்லுதல் வேண்டும். வருகைப் பதிவேடே நோயின் காலக் கணக்காகப் பயன்படும். விடுப்புத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு அது பெருந்துணை.

சிகிச்சை பெற்றுத் திரும்பும் குழந்தையைக் குறித்து இரண்டு செய்திகளை வகுப்பிற்கு விளக்க வேண்டும். இரத்தப் புற்றுநோய் தொற்றாது. உடன் அமர்வதாலும் உடன் உண்பதாலும் பரவாது. உதிர்ந்த முடி மீண்டும் வளரும். ஆயினும் அக்குழந்தைக்குப் பிறரிடமிருந்து தொற்று வரும் அபாயம் மிகுதி. வகுப்பில் எவருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால், அன்றே அக்குழந்தையின் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிய பாதுகாப்பு மருந்தைக் குறித்த காலத்திற்குள் கொடுத்தாக வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. லுகேமியாவில் வெளிறல், காய்ச்சல், இரத்தக் கசிவு ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுவது ஏன்?
2. இரத்தப் பரிசோதனைக்கு முன் ஸ்டீராய்டு கொடுப்பதால் விளையும் தீங்குகள் யாவை?
3. டெங்குவில் காணும் தட்டணுக் குறைவுக்கும் லுகேமியாவில் காணும் குறைவுக்கும் கால அளவில் உள்ள வேறுபாடு யாது?
4. தம் பகுதியிலிருந்து நோயாளிகள் எல்லை கடந்து செல்லும் ஊர்களைக் குறித்து, அவர்களுடைய சீட்டுகள் எங்கெங்கே தொலைகின்றன என ஆராய்க.

இடுப்பு வலியும் சோகையும் மழைக்காய்ச்சலும் கொண்டு வருவோருள் மிகப் பெரும்பாலோருக்கு இரத்தப் புற்றுநோய் இராது. அவர்கள் குணமடைந்து செல்வார்கள். குணமடையாமல் திரும்பி வரும் ஒருவரே கவனத்திற்கு உரியவர். அவரை மீண்டும் பழைய மருந்தோடு அனுப்பாமல், நோய் தொடங்கிய நாள் எது என்று கேட்டு எழுதி, ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியின் கீழ் வைக்கச் செய்வதே களப்பணியாளர் ஆற்றக்கூடிய பேருதவியாகும்.